எண்ணும் ஒளியும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் இன்று ஒளிப்படம் எடுப்போரே. ஊர்த் திருவிழா ஒன்றில் நூறு படங்கள், பள்ளிச் சுற்றுலா ஒன்றில் முந்நூறு படங்கள் என அவை பெருகிக்கொண்டே செல்கின்றன. அவற்றுள் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மிடம் இருக்கப்போகும் படங்கள் எத்தனை? இருக்கும் படங்களிலும் எங்கே, எப்போது, எதற்காக எடுக்கப்பட்டவை என்று சொல்லத்தக்கவை எத்தனை? ஒளிப்படம், கணினி நிரல், நாள்தோறும் குறித்துவைக்கும் பழக்கம் ஆகிய மூன்றும் சேரும்போது என்ன விளையும் என்பதைப் பழனி மலைத்தொடர் நமக்குக் காட்டுகிறது.

ஆடலூரில் ஒரு நாள்

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியில் அமைந்துள்ள ஊர் ஆடலூர். பன்றிமலை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய அண்டை ஊர்களைப் போலவே இங்கும் காப்பி, மிளகு, மலைவாழை ஆகியவை விளைகின்றன. உயர்ந்த நிழல்மரங்களின் கீழே காப்பிச் செடிகள் வளர்கின்றன. அம்மரங்களைப் பற்றி மிளகுக் கொடிகள் ஏறுகின்றன. மழைக்காலத்தில் மலைச்சரிவிலிருந்து எழும் மூடுபனி சில நிமிடங்களில் தோட்டம் முழுவதையும் மறைத்துவிடும்.

இத்தகைய ஊரில் கணினி நிரலர் ஒருவர் வாழ்வதாகக் கருதுவோம். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் நிரலர் பலர் தத்தம் ஊர்களிலிருந்தே பணியாற்றத் தொடங்கினர். நகரத்து நிறுவனம் ஒன்றிற்காக வீட்டிலிருந்து உழைக்கும் அவர்களுள் ஒருவராக இவரைக் கொள்ளலாம்.

நிரலரின் பணி நாள் முழுவதும் எழுதிக்கொண்டே இருப்பது என்று பலரும் எண்ணுவர். உண்மையில் அவர் எழுதும் நேரத்தைவிடப் படிக்கும் நேரமே மிகுதி. முதல்நாள் இரவு நிரல் எங்கே தடைபட்டது என்பதைக் கணினி தந்த பிழைச்செய்தியிலிருந்து அவர் அறிகிறார். ஆயிரம் முறை சரியாக இயங்கிய நிரல் ஒருமுறை மட்டும் ஏன் தவறியது? அந்த ஒருமுறைக்கும் ஏனைய முறைகளுக்கும் என்ன வேறுபாடு? வேறுபாட்டைக் கண்டறிந்தபின் மாற்றவேண்டியது பெரும்பாலும் ஓரிரு வரிகளே. ஆனால், அவ்வரிகளை அடையாளம் காண்பதற்கு அரைநாள் கழிந்திருக்கும்.

மாற்றிய பின்னும் அவர் பணி முடிவதில்லை. மாற்றியவர் யார், மாற்றிய நேரம் எது, மாற்றியது ஏன் என்னும் குறிப்போடு அம்மாற்றத்தைச் சேமிக்கிறார். இதற்கென உலகெங்கும் உள்ள நிரலர்கள் பயன்படுத்தும் ‘கிட்’ என்னும் மென்பொருளை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கினார். பழைய வடிவம் எதுவும் அழிவதில்லை. நாளை தவறு தெரியவந்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பிச்செல்ல இயலும்.

மாலையில் பணி முடிந்ததும் அவர் கேமராவை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பாதையில் நடக்கிறார். மலை அணில், பாசி படர்ந்த மரம், பனி இறங்கும் சரிவு என அவருடைய கண் எதையேனும் தேடிக்கொண்டே இருக்கிறது. ஒளிப்படம் அவருக்குப் பொழுதுபோக்கு. ஆயினும், காலையில் கணினியின்முன் அவர் கைக்கொண்ட அதே பொறுமையும் அதே கூர்நோக்கும் மாலையிலும் அவருக்குத் தேவைப்படுகின்றன.

கேமராவுக்குள் ஒரு நிரல்

ஆடலூரின் மூடுபனியைப் படமெடுக்கும் ஒருவர் முதலில் ஏமாற்றமே அடைவார். கண்ணுக்கு வெண்மையாகத் தெரிந்த பனி படத்தில் சாம்பல் நிறமாக, அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். கேமரா பழுதுபட்டதோ என்று ஐயம் எழும். கேமராவில் பழுது ஏதும் இல்லை.

இன்றைய கேமரா ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு கணினி இருக்கிறது. எவ்வளவு ஒளியை உள்ளே விடவேண்டும் என்பதை அதிலுள்ள நிரல் முடிவு செய்கிறது. உலகின் காட்சிகள் பெரும்பாலானவை வெளிச்சமும் நிழலும் கலந்தவை; அவற்றின் சராசரி நடுத்தரச் சாம்பல் நிறத்தை ஒட்டியே அமையும் என்னும் எடுகோளின்மீதே ஒளியளவிடும் முறை கட்டமைக்கப்பட்டுள்ளது. தெருவுக்கும் வகுப்பறைக்கும் வயலுக்கும் இந்த எடுகோள் பொருந்தும். முழுவதும் வெண்மையான பனிக்குப் பொருந்தாது. வெண்மையைக் கண்ட நிரல், ஒளி மிகுந்துவிட்டது என்று கருதி அதைக் குறைத்துவிடுகிறது.

நிரலருக்கு இது புதிதன்று. தாம் கருதியதைக் கணினி செய்வதில்லை. சொல்லியதையே செய்கிறது என்பதை அவர் நாள்தோறும் காண்கிறார். நிரலை எழுதியவர் எந்தச் சூழலை மனத்தில் கொண்டு எழுதினார் என்பதை உணர்ந்தால், அது எங்கே தவறும் என்பதையும் முன்னரே உணரலாம். ஆகவே அவர் கேமரா சொல்லும் அளவைவிட ஒளியைச் சற்றுக் கூட்டி எடுக்கிறார். பனி வெண்மையாகிறது. கருவி தரும் விடையை அப்படியே ஏற்காமல், அவ்விடை எவ்வாறு கிடைத்தது என்று வினவுவதே அறிவியல் மனப்பான்மையின் தொடக்கம்.

ஒளி எண்ணாகும் வகை

ஒளியைக் கணினி நேரடியாக அறியாது. அது அறிந்தவை எண்கள் மட்டுமே. எனவே, கணினி கையாளும் ஒளிப்படம் ஒவ்வொன்றும் எண்களின் அணிவகுப்பாகவே அமைகிறது. இதனை எண்ணிம ஒளிப்படம் என்பர்.

ஒரு படத்தைக் கிடைமட்டமாக 4,000 பகுதிகளாகவும் செங்குத்தாக 3,000 பகுதிகளாகவும் பிரித்தால் 1 கோடியே 20 இலட்சம் சிறு கட்டங்கள் கிடைக்கும். கட்டம் ஒவ்வொன்றும் ஒரு படப்புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவு 0 முதல் 255 வரையிலான எண்ணாகக் குறிக்கப்படுகிறது. மூன்றும் 0 எனில் அது கருமை. மூன்றும் 255 எனில் வெண்மை. ஒரு நிறத்திற்கு 256 நிலைகள் என்பதால், மூன்று நிறங்களும் கலந்து 1,67,77,216 வண்ணங்களைக் குறிக்க முடிகிறது.

கேமராவில் இவ்வெண்களைப் பெற்றுத் தருவது ஒளியுணரி என்னும் சில்லு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969ஆம் ஆண்டு வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் உருவாக்கிய மின்னூட்டப் பிணைப்புக் கருவி இதற்கு வழிவகுத்தது. இதற்காக அவர்களுக்கு 2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆயினும், ஒளியுணரி ஒளியின் அளவைத்தான் அறியும், நிறத்தை அறியாது. நிறத்தைப் பிரித்தறியும் எளிய வழியைக் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் கண்டறிந்தார். அவர் வகுத்த அமைப்பில் நான்கு கட்டங்களுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என நிற வடிகட்டிகள் பொருத்தப்படுகின்றன. மனிதக் கண் பச்சை ஒளியை மிகுதியாக உணர்வதால் பச்சைக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒவ்வொரு கட்டத்திலும் விடுபட்ட மற்ற இரு நிறங்களை, அண்டைக் கட்டங்களின் எண்களைக் கொண்டு ஒரு நிரல் கணக்கிட்டு நிரப்புகிறது. கைப்பேசியில் நாம் காணும் வண்ணங்களில் பெரும்பகுதி அளந்து பெற்றதன்று, கணக்கிட்டுப் பெற்றது.

எண்களாகிவிட்ட படத்தைத் திருத்துவது எளிது. மங்கலான படத்தில் ஒவ்வோர் எண்ணுடனும் 30 கூட்டினால் படம் வெளிச்சமாகும். ஆனால், இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. 230 என்றிருந்த புள்ளி 260 ஆகவும், 240 என்றிருந்த புள்ளி 270 ஆகவும் வேண்டும். எல்லையோ 255. எனவே, இரண்டும் 255 ஆகவே நின்றுவிடும். பனியின் மெல்லிய அடுக்குகளைக் காட்டிய வேறுபாடு மறைந்துவிடும். திருத்திய படத்தை மட்டும் சேமித்தால், மறைந்ததை மீண்டும் பெற வழியே இல்லை. ஆதலால்தான் தேர்ந்த ஒளிப்படக் கலைஞர் மூலப்படத்தில் கைவைப்பதில்லை. படியெடுத்து அதிலேயே திருத்துகிறார்.

தெரியுமா?

கணினியில் முதன்முதலாக ஏற்றப்பட்ட ஒளிப்படம் ஒரு குழந்தையின் படம். அமெரிக்காவைச் சேர்ந்த ரஸ்ஸல் கிர்ஷ், 1957ஆம் ஆண்டு தம் கைக்குழந்தையின் படத்தை வருடி எடுத்துக் கணினியில் ஏற்றினார். அகலம் 176, உயரம் 176 எனப் படத்தின் மொத்தப் புள்ளிகள் 30,976 மட்டுமே.

1975ஆம் ஆண்டு கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய எண்ணிமக் கேமராவின் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிவுசெய்ய அதற்கு 23 நொடிகள் தேவைப்பட்டன.

பொழுதுபோக்கு தந்த மென்பொருள்

நிரலும் ஒளிப்படமும் ஒரே இல்லத்தில் சந்தித்ததற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தோர் வளர்ந்தனர். அவர்களுடைய தந்தை பல்கலைக்கழகப் பேராசிரியர். ஒளிப்படத்தில் ஈடுபாடு உடையவர். வீட்டின் நிலவறையில் படம் கழுவும் இருட்டறை ஒன்றை அவர் அமைத்திருந்தார். தாமஸ் அங்கே படங்களை அச்சிடக் கற்றார். ஒளியின் அளவை எவ்வாறு கூட்டுவது, ஒரு பகுதியை மட்டும் எவ்வாறு கருமையாக்குவது என்பவற்றை அவருடைய கைகள் அறிந்திருந்தன.

1987ஆம் ஆண்டு, முனைவர் பட்ட ஆய்வு மாணவராக இருந்தபோது, கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டும் சிறு நிரல் ஒன்றைத் தாமஸ் எழுதினார். திரைப்படச் சிறப்புக் காட்சிகளை உருவாக்கும் நிறுவனத்தில் பணியாற்றிவந்த ஜான், அதன் பயனை உணர்ந்து, மேலும் பல வசதிகளைச் சேர்க்குமாறு தூண்டினார். இருட்டறையில் கைகள் செய்த வேலைகள் ஒவ்வொன்றாக நிரலின் வரிகளாயின. அடோபி நிறுவனம் அதனை 1990ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ‘போட்டோஷாப்’ என்னும் பெயரில் வெளியிட்டது. ஆய்வேட்டுக்குத் தொடர்பில்லாத சிறு நிரலொன்று உலகெங்கும் பத்திரிகை, விளம்பரம், அச்சுத்தொழில் ஆகியவற்றின் போக்கையே மாற்றியது.

அம்மென்பொருளைத் திறக்கும்போது, அதை உருவாக்கியோரின் பெயர்கள் திரையில் தோன்றும். பல ஆண்டுகளாக அப்பட்டியலில் இடம்பெற்று, உலகெங்கும் உள்ள பயனர்களின் நினைவில் பதிந்த பெயர் சீதாராமன் நாராயணன் என்பதாகும்.

தாமஸ் இருட்டறையை அறியாதவராக இருந்திருந்தால் அந்நிரல் பிறந்திருக்காது. நிரல் அறியாதவராக இருந்திருந்தாலும் பிறந்திருக்காது. ஒரு துறையில் கைகள் கற்றதை மற்றொரு துறைக்கு மனம் கொண்டுசெல்லும்போது புதியது தோன்றுகிறது.

மலையுச்சியில் சூரியனின் படங்கள்

நோல் உடன்பிறந்தோர் கறுப்பு வெள்ளைச் சாயல்களைத் திரையில் காட்டுவதற்கு 80 ஆண்டுகளுக்கும் முன்பே, ஆடலூர் அமைந்துள்ள அதே பழனி மலைத்தொடரின் உயரத்தில் ஓர் ஒளிப்படப் பணி தொடங்கியிருந்தது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. மழை பொய்த்ததால் இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர். பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய இயலுமா, மழைக்கும் சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்னும் வினாக்கள் எழுந்தன. சூரியனை இடைவிடாது கண்காணிக்க ஓர் ஆய்வகம் வேண்டும் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில், தூய வானம் வாய்ந்த கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. 1901இல் முறையான நோக்கீடுகள் தொடங்கின. அதன் முதல் இயக்குநர் சார்லஸ் மிக்கி ஸ்மித்.

1904 முதல் அங்கே சூரியன் நாள்தோறும் படமெடுக்கப்பட்டது. ஒளிக்கு வினைபுரியும் வெள்ளிச் சேர்மம் பூசிய கண்ணாடித் தட்டுகளில் சூரியனின் உருவம் பதிந்தது. சூரிய வட்டில் தெரியும் கரும்புள்ளிகள் ஒருவகைப் படத்தில் பதிந்தன. கால்சியம், ஹைட்ரஜன் ஆகிய தனிமங்களுக்குரிய ஒளியை மட்டும் பிரித்தெடுத்து வேறுவகைப் படங்களும் எடுக்கப்பட்டன. வானம் தெளிந்திருந்த நாளெல்லாம் இப்பணி நடந்தது. படத்துடன் நாளும் நேரமும் குறிக்கப்பட்டன.

1909ஆம் ஆண்டு ஜனவரியில், அங்குப் பணியாற்றிய ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தார். புள்ளியின் விளிம்புப் பகுதியில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை அவர் கண்டறிந்தார். ‘எவர்ஷெட் விளைவு’ என்று உலகம் அதனை அழைக்கிறது. 1960ஆம் ஆண்டு ஆய்வகத்தின் பொறுப்பேற்ற வைணு பாப்பு அதனைப் புதிய காலத்திற்கேற்ப வளர்த்தார். 1971இல் தன்னாட்சி பெற்ற இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஓர் அங்கமாக இன்று அது திகழ்கிறது.

இவர்களுடைய பெயர்கள் நூல்களில் உள்ளன. காலையில் எழுந்து, வானத்தைப் பார்த்து, தட்டைப் பொருத்தி, படமெடுத்து, கழுவி, உலர்த்தி, நாளைக் குறித்து, பெட்டியில் அடுக்கிய பணியாளர் பலருடைய பெயர்களை நாம் அறியோம். பெரும்பாலான நாள்களில் அவர்கள் புதிதாக எதையும் கண்டிருக்கமாட்டார்கள். நேற்றுப்போலவே இன்றும் ஒரு வட்டம், அதில் சில புள்ளிகள். ஆயினும், மறுநாளும் படமெடுத்தார்கள்.

தட்டுகளைக் கணினி படித்தது

மழைக்கும் சூரியனுக்கும் இடையே எதிர்பார்த்த எளிய தொடர்பு எதுவும் கிடைத்துவிடவில்லை. எந்த வினாவுக்காகப் படங்கள் எடுக்கப்பட்டனவோ அதற்கு நேரான விடை வரவில்லை. அப்படியானால் அவ்வளவு உழைப்பும் வீணா?

அண்மைக் காலத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனம் அத்தட்டுகளை எண்ணிம வடிவத்திற்கு மாற்றியது. ஒரே சீரான ஒளியின்மீது தட்டை வைத்து, அகலத்தில் 4,096, உயரத்தில் 4,096 புள்ளிகள் கொண்ட ஒளியுணரியால் ஒவ்வொரு தட்டும் மீண்டும் படமெடுக்கப்பட்டது. இரண்டையும் பெருக்கினால் ஒரு தட்டிலிருந்து 1,67,77,216 எண்கள் கிடைக்கும். நாம் முன்னர்க் கண்ட வண்ணங்களின் எண்ணிக்கையும் இதுவே என்பது சுவையான ஒற்றுமை. இரண்டும் இரண்டின் 24ஆம் அடுக்கு.

இனி நிரலரின் வேலை தொடங்குகிறது. படத்தில் சூரிய வட்டின் விளிம்பு எங்கே, மையம் எங்கே என்று நிரல் முதலில் கண்டறிய வேண்டும். சூரிய வட்டின் நடுப்பகுதியைவிட விளிம்பு மங்கலாகத் தெரியும். இந்த இயல்பான மங்கலைக் கணக்கிட்டு நீக்கிய பின்பே கரும்புள்ளிகளைத் தேட முடியும். தட்டில் படிந்த தூசியும் கீறலும்கூடக் கரும்புள்ளிபோலவே தோன்றும். அவற்றை எவ்வாறு பிரித்தறிவது? அடுத்தடுத்த நாள்களின் தட்டுகளை ஒப்பிடுவது ஒரு வழி. சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் உண்மையான புள்ளி நாள்தோறும் சற்றே நகரும். பூமியிலிருந்து பார்க்கையில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 27 நாள்கள் ஆகும். ஒரு தட்டின் தூசி அடுத்த தட்டில் இராது.

இக்கணக்குகளுக்கு எல்லாம் அடிப்படை தட்டின்மீது எழுதப்பட்ட சிறு குறிப்பே. எந்த நாள், எந்த நேரம், படத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்பவை தெரியாவிட்டால் புள்ளியின் இடத்தைக் கணக்கிட இயலாது. எவ்வளவு தெளிவான படமாயினும், நாள் இல்லாத படம் ஆய்வுக்கு உதவாது.

ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கரும்புள்ளிகள் பெருகிக் குறைகின்றன. இத்தகைய சுழற்சியைப் புரிந்துகொள்ள ஒரு மனிதரின் பணிக்காலம் போதாது. நூறாண்டுகளைத் தாண்டிய கோடைக்கானல் தொகுப்பில் பல சுழற்சிகள் அடங்கியுள்ளன. பல நாட்டு ஆய்வாளரும் இன்று அதனைப் பயன்படுத்துகின்றனர். 1904இல் தட்டில் நாளைக் குறித்தவர் கணினியைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார். ஆனால், அவர் குறித்துவைத்ததால்தான் கணினிக்குப் படிப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது.

படம் ஆவணமாவது எப்போது?

ஆடலூர் நிரலரிடம் மீண்டும் வருவோம். காப்பிச் செடி, கோடையின் தொடக்கத்தில் பெய்யும் மழைக்குப் பின், ஒரு வாரம் பத்து நாள்களில் பூக்கும். செடிகள் வெண்பூக்களால் நிறைந்து, தோட்டம் முழுவதும் மல்லிகையை ஒத்த மணம் வீசும். சில நாள்களிலேயே பூக்கள் வாடிவிடும். ஒரே செடியை, ஒரே இடத்தில் நின்று, ஆண்டுதோறும் பூக்கும் நாளில் அவர் படமெடுப்பதாகக் கொள்வோம். முதல் ஆண்டில் அஃது ஓர் அழகிய படம். பத்து ஆண்டுகளில் அது மழையின் வரலாறு. பூக்கும் நாள் முன்னோக்கி நகர்கிறதா, பின்னோக்கி நகர்கிறதா என்பதை அப்படங்கள் உழவருக்கும் ஆய்வாளருக்கும் சொல்லும்.

இந்த மலைகளில் மலரும் நீலக்குறிஞ்சிக்கோ இடைவெளி 12 ஆண்டுகள். 2006இலும் 2018இலும் அது பூத்தது. அடுத்து 2030இல் பூக்கும். எந்தச் சரிவில் எவ்வளவு பரப்பில் பூத்தது என்பதை ஒப்பிட, 2018ஆம் ஆண்டின் படங்கள் 2030இல் தேவை. அன்று மலையேறிப் படமெடுத்தோர் எண்ணற்றோர். இடமும் நாளும் குறித்து அவற்றை இன்றும் காத்துவருவோர் எத்தனை பேர்?

எண்ணிமக் கேமரா இதில் ஓர் உதவி செய்கிறது. படமெடுத்த நாள், நேரம், ஒளியின் அளவு ஆகியவற்றை அதுவே படக்கோப்பில் எழுதிவிடுகிறது. வசதியுள்ள கருவிகள் இடத்தையும் குறிக்கும். இதற்கு மீத்தரவு என்று பெயர். ஆனால், செய்திப் பரிமாற்றச் செயலிகள் பல, படத்தை அனுப்பும்போது அதனைச் சுருக்கி, மீத்தரவையும் நீக்கிவிடுகின்றன. கேமராவின் கடிகாரம் தவறாக இருந்தால் குறிப்பும் தவறாகிவிடும். எதைப் படமெடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பதைக் கருவி அறியாது. அதை எடுத்தவரே எழுதவேண்டும்.

கண்ணாடித் தட்டு கீழே விழுந்தால் உடையும். ஆயினும், பெட்டியில் வைத்த தட்டை நூறாண்டு கழித்தும் ஒளியில் பிடித்துப் பார்க்கலாம். எண்ணிமப் படமோ கைப்பேசி தொலைந்தால் அதனுடன் தொலையும். வன்தட்டு பழுதானால் ஒரே நொடியில் பல்லாயிரம் படங்கள் மறையும். எனவே, பீட்டர் குரோக் என்னும் ஒளிப்படக் கலைஞர் பரவலாக்கிய ‘3-2-1’ என்னும் எளிய விதியை அறிஞர்கள் பரிந்துரைக்கின்றனர். முதன்மையான கோப்புக்கு மூன்று படிகள் வேண்டும். அவை இருவகை ஊடகங்களில் இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருக்கவேண்டும். வீட்டில் கணினியிலும் தனி வன்தட்டிலும் வைத்து, மூன்றாவதை வெளியூர் உறவினர் இல்லத்திலோ இணையச் சேமிப்பகத்திலோ வைக்கலாம்.

தனியொருவரின் படம் பொதுச்சொத்தாகவும் மாறலாம். 2003இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளுக்கும், 2004இல் தொடங்கப்பட்ட விக்கிமீடியப் பொதுவகத்திற்கும் தன்னார்வலர் பலர் தாம் எடுத்த ஊர்க்கோயில், நடுகல், மரம், பறவை ஆகியவற்றின் படங்களை விளக்கத்தோடு வழங்கியுள்ளனர். பழனி மலைப்பகுதியின் கல்திட்டைகளைப் பற்றி ஆங்கிலேடு, நியூட்டன் ஆகியோர் எழுதிய நூல் 1928இல் வெளிவந்தது. அன்று பதிவுசெய்யப்பட்டவற்றை இன்றைய நிலையோடு ஒப்பிட முடிவது, அன்று ஒருவர் பதிவுசெய்ததால்தான்.

நிறைவாக

நிரலர், தாம் செய்த மாற்றத்தின் காரணத்தைக் குறிக்கிறார். ஒளிப்படக் கலைஞர் மூலப்படத்தைக் காக்கிறார். கோடைக்கானல் பணியாளர் தட்டின்மீது நாளை எழுதினார். மூவரும் செய்தது ஒரே செயல்: பின்னால் வரப்போகும் ஒருவருக்காகத் தாம் கண்டதைப் பிழையின்றி விட்டுச்செல்வது. அந்த ஒருவர் எந்த வினாவோடு வருவார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் கேமராவும் கணினியும் சேர்ந்த கருவி இருக்கிறது. ஊரின் கண்மாய், தெருமுனை ஆலமரம், மலைச்சரிவு ஆகியவற்றை ஒரே இடத்தில் நின்று மாதம் ஒருமுறை படமெடுக்கலாம். நாளும் இடமும் குறித்துச் சேமிக்கலாம். அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. மறுமாதமும் அதே இடத்திற்குச் செல்லும் உறுதி போதும்.

கலைச்சொல் அறிவோம்

நிரல் – புரோகிராம்
நிரலர் – புரோகிராமர்
படப்புள்ளி – பிக்சல்
எண்ணிமம் – டிஜிட்டல்
ஒளியுணரி – இமேஜ் சென்சார்
மீத்தரவு – மெட்டாடேட்டா
வன்தட்டு – ஹார்டு டிஸ்க்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஓர் இடத்தைத் தேர்ந்து, அதனை வாரம் ஒருமுறை ஒரே கோணத்தில் படமெடுத்து, நாள், நேரம், வானிலை ஆகிய குறிப்புகளுடன் தொகுக்க.
2. உங்கள் இல்லத்தில் உள்ள பழைய ஒளிப்படம் ஒன்றைப் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து, அஃது எடுக்கப்பட்ட இடம், காலம், படத்தில் உள்ளோர் ஆகிய விவரங்களை எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. கோடைக்கானலில் சூரியனை நாள்தோறும் படமெடுக்கும் பணி தொடங்கிய ஆண்டு
அ) 1876 ஆ) 1899 இ) 1904 ஈ) 1909

2. பேயரின் அமைப்பில் நான்கு கட்டங்களுள் பச்சை வடிகட்டி பெறுபவை
அ) ஒன்று ஆ) இரண்டு இ) மூன்று ஈ) நான்கு

குறுவினா

1. மூடுபனி ஒளிப்படத்தில் சாம்பல் நிறமாகத் தெரிவது ஏன்?
2. ‘3-2-1’ விதி யாது?

சிறுவினா

1. மூலப்படத்தைத் திருத்தாமல் பாதுகாக்க வேண்டியதன் காரணத்தை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. கண்ணாடித் தட்டில் உள்ள தூசியையும் சூரியக் கரும்புள்ளியையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?

நெடுவினா

‘எந்த வினாவுக்காகத் தொகுக்கப்பட்டதோ அதற்கன்றி வேறு வினாக்களுக்கும் ஆவணம் விடை தரும்’ – கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் ஒளிப்படத் தொகுப்பைச் சான்றாகக் கொண்டு விவரிக்க.